எந்த உடுப்பில் வேலை கேட்பது

1. கேட்டிலிருந்து வந்த போன்

அன்று காலை நான் டைம் ஆபீசில் உட்கார்ந்து லீவு கார்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்டர்காம் அடித்தது. கேட்டிலிருந்து செக்யூரிட்டி மணி. வழக்கமாகக் கத்திப் பேசுகிறவன் அன்றைக்குக் குரலைத் தாழ்த்திப் பேசினான்.

"சார், யூனியன் லீடர் ஒருத்தர் வந்திருக்காரு. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. சல்யூட் அடிச்சு சேர் போட்டு உக்கார வச்சிருக்கேன். ஜி.எம். சாருக்குச் சொல்லட்டா, இல்ல நீங்க வரீங்களா?"

"எந்த யூனியன்யா?"

"கேக்கறதுக்குப் பயமா இருந்துது சார்."

எங்களுடையது புதுச்சேரி சேதராப்பட்டில் பம்பு மோட்டார் செய்யும் கம்பெனி. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் பக்கத்துக் கம்பெனி வாசலில் கொடி நட்டு, மைக் கட்டி, கேட் மீட்டிங் போட்டிருந்தார்கள். அடுத்தது நம்ம கேட்தான் என்று எங்கள் ஜி.எம். தூங்காமல் இருந்தார். கோயம்புத்தூர்க்காரர். நல்ல மனிதர், ஆனால் வெள்ளை வேட்டியைத் தூரத்தில் பார்த்தாலே அவருக்கு பி.பி. ஏறிவிடும். புதுச்சேரியில் வேலை பார்த்துக்கொண்டு வெள்ளை வேட்டிக்குப் பயப்படுகிறவர் பாடு எப்படி இருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

பேனாவைக்கூட மூடாமல் ஓடினேன். பைக் ஸ்டாண்டு ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் ஃபைலை வைத்துக்கொண்டு, முதுகு சாயாமல் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கஞ்சி போட்டு இஸ்திரி போட்ட சட்டை. பாக்கெட்டில் பேனா. நெற்றியில் படிய வாரிய முடி. மணி பயந்ததில் தப்பே இல்லை. எனக்கே ஒரு நொடி கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

அது என் மனைவி ரோஸின் அண்ணன் லூர்துசாமி. எங்கள் கம்பெனியில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர் வேலைக்கு இன்டர்வியூவுக்கு வந்திருந்தார்.

"வாங்க மாப்ள," என்றார், என்னமோ அவர் வீட்டுக்கு நான் வந்ததுபோல. "இந்தத் தம்பி எனக்கு டீ வாங்கியாரச் சொல்லியிருக்காரு. இன்டர்வியூக்கு வர்றவங்களுக்கு நீங்க இவ்ளோ மரியாதை குடுப்பீங்கன்னு நீங்க சொல்லவே இல்லியே."

"மச்சான், நான் குடுத்த பேண்ட் எங்க?"

"வீட்லதான் இருக்குது. மடிச்சு பீரோவுல வச்சிட்டேன். பயப்படாதீங்க."

பயப்படாதீங்களாம். நான் அங்கேயே தலையில் கை வைத்துக்கொண்டேன்.

2. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்

நான் பர்சனல் டிபார்ட்மென்டில் கிளார்க்காகச் சேர்ந்து, அது எச்.ஆர். என்று பேர் மாறி, நானும் தலை நரைத்து ரிட்டயர் ஆனவன். இப்போது ரெட்டியார்பாளையத்தில் எங்கள் தெருப் பிள்ளைகள் இன்டர்வியூவுக்குப் போகுமுன் என்னிடம் வருகிறார்கள். டை கட்டணுமா அங்கிள், ஷூ கறுப்பா பிரவுனா, ஜீன்ஸ் போட்டா உள்ளே விடுவாங்களா. அவர்கள் கேட்கும்போதெல்லாம் எனக்கு மச்சான் ஞாபகம்தான் வரும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மச்சான் ஊர்ப் பஞ்சு மில்லில் ஸ்பின்னிங் பக்கம் ஃபிட்டராக இருந்தவர். மில் ஆட்களைப் பற்றி ஒரு விஷயம் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. அவர்களில் பெரும்பாலோர் வாழ்க்கையில் ஒரு இன்டர்வியூகூடப் பார்த்ததில்லை. அப்பா ரிட்டயர் ஆவார், பிள்ளை உள்ளே போவான். மாமாவுக்கு உடம்பு முடியவில்லை என்றால் மருமகன் பதிலி ஆளாகப் போவான், அப்படியே நிரந்தரமாகிவிடுவான். மேஸ்திரி தோளைப் பிடித்து, "நீ இன்னார் பையன்தானே, வா" என்றால் வேலை முடிந்தது. எதைப் போட்டுக்கொண்டு போவது என்ற கேள்வியே கிடையாது. உள்ளே காக்கி அரை டிராயர், வீட்டில் கைலி, கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் வெள்ளை வேட்டி. மில் சங்கு ஊதினால் ஊரே கடிகாரத்தைச் சரி பார்த்துக்கொள்ளும். அந்தச் சங்கு நிற்கும் என்று யாரும் நினைக்கவில்லை. நின்றது.

மில் மூடியபோது மச்சானுக்கு ஐம்பதாக இரண்டு வருஷம் இருந்தது. அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் அவர் வீட்டில் சரியான சம்பளம் இல்லை. அங்கே ஒரு மோட்டார் பழுது, இங்கே ஒரு பைப் வேலை என்று ஓட்டினார். அவர் மனைவி செலின் அக்கா ஒரு நர்சிங் ஹோமில் துப்புரவு வேலைக்குப் போனார். சாயங்காலம் அக்காவைக் கூப்பிட்டு வர மச்சான் போவார், ஆனால் கேட் அருகே போகமாட்டார். ரோட்டுக்கு எதிர்த்த வாடையில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வேறு எங்கேயோ பார்த்தபடி நிற்பார். நான் அந்த வழியாக வண்டியில் போகும்போது பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விடுவேன். அதைப் பார்க்க எனக்கு மனசு பொறுக்காது.

மூன்று நான்கு கம்பெனிகளில் வயசைக் கேட்டவுடனேயே போனை வைத்துவிட்டார்கள். எங்கள் கம்பெனியில் ஐம்பது வரைக்கும் எடுப்போம். இது போனால் அவருக்கு வேறு கதவு இல்லை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ரோஸுக்கு எங்கள் இரண்டு பேரையும்விட நன்றாகத் தெரியும்.

இன்டர்வியூவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசை முடிந்து மச்சானும் அக்காவும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். ரோஸ் கறிக்குழம்பை ஊற்றிக்கொண்டே ஆரம்பித்தாள்.

"அண்ணே, இன்னா போட்டுக்கிட்டுப் போகப் போற?"

"துணிதான்."

"கிண்டல் பண்ணாத. அங்க எல்லாம் இன் பண்ணி, ஷூ போட்டு வருவாங்க. ஒன்கிட்ட பேண்டே கெடையாது."

"ஏன், கல்யாணத்துக் கோட்டு சூட்டு இருக்குதே," என்றார் செலின் அக்கா.

எங்கள் ஆட்களில் மாப்பிள்ளை கோட்டு சூட்டில்தான் கோயிலுக்குள் நுழைவார். மச்சானுடையது சாதாரணக் கோட்டு அல்ல. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்த மாமா ஒருவர் லீவில் வந்தபோது கொண்டுவந்த துணி. அக்கா விடவில்லை. அவர்கள் வீடு பக்கத்துத் தெருதான், சாப்பிட்ட கையோடு போய் எடுத்து வந்துவிட்டார். ஃபினாயில் உருண்டை வாசனையில் எங்கள் ஹாலே நாறியது. தோள் பிடித்தது, பட்டன் பூட்டவில்லை. மச்சான் வயிற்றை எக்கிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார்.

"இதைப் போட்டுக்கிட்டு வந்தீங்கன்னா, இவரு வேலை கேட்டு வந்தாரா பொண்ணு கேட்டு வந்தாரான்னு எங்க ஜி.எம். குழம்பிடுவாரு மச்சான்," என்றேன்.

ரோஸ் டையாவது கட்டிக்கொள்ளட்டும் என்றாள். நான் எரிந்து விழுந்தேன். மெயின்டனன்ஸுக்கு வருகிற ஆள் கழுத்தில் தொங்குகிற எதையும் போடக்கூடாது. சுற்றுகிற ஸ்பிண்டில் பக்கத்தில் குனிந்தால் டை ஒரு இழுப்பில் தலையைக் கொண்டுபோய்விடும். மச்சான், "மாப்ள சொல்றது சரி," என்று கோட்டைக் கழற்றினார். அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது.

கடைசியில் என் பேண்ட், என் சட்டை என்று முடிவானது. நீலச் சட்டை, கரும்பழுப்புப் பேண்ட். அவர் என்னைவிட உயரம், கணுக்கால் கொஞ்சம் தெரிந்தது. "பரவால்ல, ஒக்காந்துட்டா தெரியாது," என்றாள் ரோஸ். மச்சான் தலையை ஆட்டினார். துணிகளை ஒரு கட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார். போகும்போது வாசலில் நின்று என்னிடம் ஒன்று கேட்டார்.

"மாப்ள, உள்ள போனா உக்காரணுமா, அவங்க சொல்ற வரைக்கும் நிக்கணுமா?"

"சொன்ன பெறகு உக்காருங்க மச்சான்."

"சரி." அதையும் மனசில் குறித்துக்கொண்டவர் மாதிரி போனார். அவரைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருந்தது. முப்பது வருஷம் வேலை பார்த்த மனுஷன், உட்காருவதா நிற்பதா என்று கேட்டுக்கொண்டு போகிறார்.

3. பிளைவுட் தடுப்பு

இப்போது அதே மச்சான் என் கண்முன்னே கட்சிக்காரர்போல உட்கார்ந்திருந்தார்.

"என்ன மச்சான் இது? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீங்க வேணாம்பீங்க." அவ்வளவுதான் பதில்.

நான் அவரை உள்ளே அழைத்துப் போவதற்குள் ஜி.எம். கூப்பிட்டுவிட்டார். அவர் அறையின் ஜன்னலிலிருந்து கேட் தெரியும்.

"ஏனுங்க ஞானம், அங்க யாருங்க அந்த வெள்ளை வேட்டி? எந்தக் கட்சி?"

"கட்சி இல்ல சார். மெயின்டனன்ஸ் ஃபிட்டர் கேண்டிடேட்."

"ஃபிட்டர் வேலைக்கு வேட்டியிலயாங்க வருவாங்க?"

"அவருதான் சார் என் சொந்தக்காரர்னு சொன்னேன்ல, என் வைஃபோட அண்ணன்."

சொந்தக்காரர் வருகிறார், நான் பேனலில் உட்காரமாட்டேன் என்று முன்பே எழுதிக் கொடுத்திருந்தேன். எங்கள் டிபார்ட்மென்டில் அது ஒரு ஒழுங்கு. ஜி.எம். என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். நானே யூனியனுக்கு உள்ளே ஆள் சேர்க்கிறேனோ என்று சந்தேகம் வந்துவிட்டது அவருக்கு. அவரைச் சொல்லியும் குற்றமில்லை.

பேனலில் ஜி.எம்.மும் மெயின்டனன்ஸ் மேனேஜர் கார்த்திக்கும் மட்டும். கார்த்திக் சின்ன வயசு, வேலையில் சூடு. கான்ஃபரன்ஸ் ரூமுக்கும் என் சீட்டுக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்புதான். நான் பேனலில் இல்லை, ஆனால் என் காதுக்கு யார் கேட் போட முடியும்?

"உக்காருங்க," என்றார் ஜி.எம். அதன் பிறகுதான் நாற்காலி நகர்ந்தது. நான் சொன்னதை மச்சான் மறக்கவில்லை.

கார்த்திக் வேலையைப் பற்றிக் கேட்டார். எந்த மெஷின், எந்தப் பேரிங், என்ன பிரேக்டவுன். மச்சான் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். பிறகு ஜி.எம். வந்தார் நேராக விஷயத்துக்கு.

"மில்லுல யூனியன்ல இருந்தீங்களா?"

நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் கண்ணை மூடிக்கொண்டேன். இல்லை என்று சொல்லிவிடுங்கள் மச்சான் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டேன்.

"மில்லுல எல்லாருமே யூனியன்தான் சார். ஒரு யூனியன் இல்லன்னா இன்னொண்ணு. நான் எங்க செக்‌ஷன் கமிட்டியில இருந்தேன்."

"இப்ப?"

"இப்ப மில்லே இல்லியே சார்."

கார்த்திக்தான் பேச்சை மாற்றினார். "சார், டிரேட் டெஸ்ட் வச்சிப் பாத்துடலாம். லைன்ல அந்த ரெண்டாவது பிரஸ் மெஷின் படுத்துக் கெடக்குது. அதையே குடுப்போம்."

"ஷாப் ஃப்ளோர்ல வேட்டியோட விட முடியாதுங்க. சேஃப்டி ஒத்துக்கமாட்டாங்க," என்றார் ஜி.எம். "இன்னொரு நாள் வரச் சொல்லலாம்."

இன்னொரு நாள் கிடையாது. இன்னும் இரண்டு பேர் வந்து டெஸ்ட் முடித்துவிட்டுக் காத்திருந்தார்கள். சாயங்காலத்துக்குள் யாரையாவது எடுத்தாக வேண்டும், பிரஸ் நின்றுகொண்டிருக்கிறது. இன்னொரு நாள் என்றால் இல்லை என்று அர்த்தம். இத்தனை வருஷம் பர்சனலில் இருந்தவனுக்கு அது தெரியாதா?

மச்சான் வெளியே வந்தார். முகத்தில் எதுவும் இல்லை. "பேண்ட் இருந்தா டெஸ்ட்டுக்கு விடுவாங்களாம் மாப்ள," என்றார், ஊர் விஷயம் பேசுகிற மாதிரி.

ஸ்டோர்ஸுக்கு ஓடினேன். ஒரு யூனிஃபார்ம் பேண்ட் கொடு, ஒரு மணி நேரத்தில் திருப்பித் தருகிறேன் என்றேன். எம்ப்ளாயீ நம்பர் இல்லாமல் கொடுக்க முடியாது என்றான் ஸ்டோர்கீப்பர். அந்த ரூலைப் போட்டவனே நான்தான். அவனைத் திட்டவும் வழியில்லை.

மச்சான் வீட்டுக்குப் போய் வர நேரமில்லை. வேறு வழியில்லை. மச்சானின் கையைப் பிடித்து டைம் ஆபீஸ் பாத்ரூமுக்கு இழுத்துப் போய்த் தாழ்ப்பாள் போட்டேன்.

"வேட்டியக் கழட்டுங்க."

"மாப்ள?"

"கழட்டுங்க மச்சான், நான் பேண்ட்டக் கழட்டறேன்."

அந்தச் சின்ன இடத்தில் இரண்டு பேரும் முழங்கையால் இடித்துக்கொண்டு உடுப்பு மாற்றினோம். என் பெல்ட்டையும் அவருக்குக் கொடுத்தேன். எனக்கு வேட்டி கட்டிப் பழக்கமில்லை. வீட்டில் கைலிதான், அதுவும் அவிழ்ந்து அவிழ்ந்து விழும். மச்சான்தான் கட்டிவிட்டார்.

"மூச்சை இழுத்துப் புடி மாப்ள. இன்னும். இந்தத் தொப்பைய வச்சிக்கிட்டுத்தான் என் கோட்டைப் பாத்துச் சிரிச்சியா?"

அந்த நேரத்திலும் கிண்டல். அவருக்கு என்னிடம் 'நீ, வா' வந்துவிட்டால் மனசு லேசாகிவிட்டது என்று அர்த்தம். மேலே அவருடைய வெள்ளைச் சட்டை, கீழே என் கறுப்புப் பேண்ட். விசிட்டர்களுக்கு வைத்திருக்கும் சேஃப்டி ஷூவை மாட்டிக்கொண்டு, ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு கார்த்திக் பின்னால் போனார்.

4. வேட்டியில் எச்.ஆர்.

நான் கோடு போட்ட சட்டை, கழுத்தில் ஐ.டி. கார்டு, இடுப்பில் வெள்ளை வேட்டியுடன் என் சீட்டில் வந்து உட்கார்ந்தேன். எழுந்திருக்கவே கூடாது, மேஜைக்குக் கீழே ஒருவருக்கும் தெரியாது என்று கணக்குப் போட்டிருந்தேன்.

அசெம்பிளி லைனில் கலா என்று ஒரு பெண். லீவு கேட்க வந்தாள். அவள் எப்போதும் மேஜைக்கு இரண்டடி தள்ளி நிற்பாள். "உடம்பு சரியில்ல சார்" என்பதைத் தவிர வேறு வார்த்தை சொல்லமாட்டாள். நான் கையெழுத்துப் போட்டுத் தள்ளுவேன். அன்றைக்குக் காற்றில் பேப்பர் ஒன்று பறந்தது. நான் யோசிக்காமல் எழுந்துவிட்டேன். கலா பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு நான் சொல்லாமலேயே எதிர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"இன்னா சார் இது, ஏதும் விசேஷமா?"

"அது பெரிய கதைம்மா. ஒனக்கு இன்னா உடம்புக்கு?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல சார்," என்றாள். "சாயங்கால ஷிஃப்ட் விட்டு ராத்திரியில வேன் எங்கள மெயின் ரோட்டுலயே எறக்கி விட்டுட்டுப் போயிடுது. அங்கேருந்து எங்க ஊருக்குள்ள லைட்டே கெடையாது. குடிச்சிட்டுக் கல்வெர்ட்டுல ஒக்காந்திருப்பானுங்க. அதான் அந்த ஷிஃப்ட் வந்தா நான் லீவு போட்டுடறேன்."

எனக்குச் சுருக்கென்றது. "இத்தினி நாளா ஏம்மா சொல்லல?"

"இன்னிக்கு நீங்க எங்க மாமா மாரி இருக்கீங்க. அதான் வாய் வந்துது."

அடுத்த வாரமே வேன் ஊருக்குள் போக ஆரம்பித்தது. ஒரு போன்தான் அதற்குத் தேவைப்பட்டது. நான் அவ்வளவு நாளும் மடிப்புக் கலையாத பேண்ட்டில், அந்த மேஜைக்குப் பின்னால், பெரிய ஒழுங்கான ஆபீசர் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வருகிறவர்களுக்கு என்னைப் பார்த்தால் வாய் அடைத்துப்போகிறது என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

கலா எழுந்து போகவும் ஜி.எம். உள்ளே வரவும் சரியாக இருந்தது. நான் பழக்கதோஷத்தில் எழுந்து நின்றேன். அவர் மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"ஏனுங்க ஞானம், நீங்களுமா?"

நடந்ததைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. என் வேட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். "அவருக்காகப் பேண்ட்டைக் கழட்டிக் குடுத்தீங்களா?" என்றார். "ஆமா சார்" என்றேன். வேலை போனாலும் போகட்டும் என்ற அளவுக்கு வந்துவிட்டிருந்தேன்.

5. ஜி.எம். கேட்டது

டெஸ்ட் முடிந்து கார்த்திக் வந்தார். மச்சான் பிரஸ்ஸைச் சரிசெய்துவிட்டார், கொஞ்சம் மெதுவாகத்தான். கன்ட்ரோல் பேனல் பக்கம் போனபோது, இது எனக்குத் தெரியாது சார், கத்துக்குடுத்தா கத்துக்குவேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றுவிட்டாராம். "தெரியாததுல கை வைக்கல சார். எனக்கு அது போதும்," என்றார் கார்த்திக். மற்ற இரண்டு பேரில் ஒருவர் வேகம், ஆனால் கை படாமல் காக்கும் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டே மெஷினை ஓட்டிப் பார்த்தாராம். கார்த்திக்குக்கு மச்சான் பக்கம்தான் மனசு. முடிவு ஜி.எம். கையில்.

மச்சானைக் கூப்பிட்டார்கள். ஆர்டர் டைப் பண்ண வேண்டியிருக்கும் என்று என்னையும் கூப்பிட்டார் ஜி.எம். நான் வேட்டியோடு கதவோரம் நின்றேன். மச்சான் என் பேண்ட்டில், கணுக்கால் தெரிய, நடுவில் நின்றார்.

ஜி.எம். சுற்றி வளைக்கவில்லை. அந்தக் குணத்துக்காக அவரை இன்றைக்கும் எனக்குப் பிடிக்கும்.

"வேலை தெரியுதுங்க உங்களுக்கு. பொய்யும் சொல்லல. ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. காலையில நீங்க வந்து உக்காந்ததைப் பாத்தப்ப எனக்குப் பயமா இருந்துதுங்க. நாளைக்கு நீங்க எங்க கேட்டுல மைக் புடிச்சி நிப்பீங்களோன்னு. ஒரு ஃபிட்டர் எதுக்குங்க அப்படி வரணும்?"

மச்சான் ஹெல்மெட்டைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"எனக்கும் பயந்தான் சார்," என்றார். "அதான் அப்படி வந்தேன்."

"புரியலைங்க."

"எனக்கு இதுதான் மொத இன்டர்வியூ. நேத்து ராத்திரி மாப்ள குடுத்த பேண்ட்டப் போட்டுப் பாத்தேன். நல்ல பேண்ட்டுதான். கண்ணாடியில பாத்தா வேற யாரோ மாதிரி இருந்துது. அவன் உங்க முன்னாடி வந்து கெஞ்சுவான் போல தோணிச்சு. எங்கப்பா செத்தப்ப ஆஸ்பத்திரியில பாடி வாங்கப் போனேன், மில்லு மூடினப்ப லேபர் ஆபீசுக்குப் போனேன், பொண்ணு படிப்புக்கு பேங்க்கு மேனேஜரப் பாக்கப் போனேன். எல்லாத்துக்கும் வெள்ளையிலதான் போனேன். அதைக் கட்டினா எனக்குக் கை கட்டி நிக்கத் தோணாது சார். வேற ஒண்ணும் கெடையாது. மைக் புடிக்கறதுக்கு எனக்குக் கொரலும் கெடையாது."

ஞாயிற்றுக்கிழமை என் ஹாலில் அவர் கோட்டைப் பார்த்து நாங்கள் எல்லாரும் சிரித்தோம், அவரும் சேர்ந்துதான் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு உள்ளே இவ்வளவு இருந்தது எனக்குத் தெரியாது.

ஜி.எம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டார்.

"ஆறு மாசம் ப்ரொபேஷன்ங்க. திங்கக்கெழம வந்துடுங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஞானம், ஆர்டர் டைப் பண்ணுங்க. அதுக்கு முன்னாடி தயவுசெஞ்சு பேண்ட்டைப் போடுங்க."

மறுபடியும் அதே பாத்ரூம். மச்சான் பெல்ட்டைக் கழற்றப் பார்த்தார், முடியவில்லை. கை அப்படி நடுங்கியது. நான்தான் குனிந்து பக்கிளை எடுத்துவிட்டேன். மேஜைக்கு எதிரே உட்கார்ந்தவர்களை எவ்வளவோ பேரைப் பார்த்திருக்கிறேன். சட்டை இன் பண்ணியிருக்கிறானா, ஷூ பாலிஷ் போட்டிருக்கிறானா, எல்லாம் பார்த்து மார்க் போட்டிருக்கிறேன். மேஜைக்குக் கீழே கை நடுங்கியதா என்று ஒருநாளும் பார்த்ததில்லை. அன்றைக்குப் பிறகு நான் எடுத்த இன்டர்வியூக்களில், வருகிறவர் உட்கார்ந்ததும் சொந்த ஊர், வீடு, எந்த பஸ்ஸில் வந்தீர்கள் என்று கொஞ்ச நேரம் பேசவிட்டுத்தான் வேலையைப் பற்றிக் கேட்பேன். சட்டைக்கு மார்க் போடும் கட்டத்தை ஃபாரத்திலிருந்தே எடுத்துவிட்டேன்.

தெருப் பிள்ளைகளிடம் நான் சொல்வது இதுதான். மெஷின் பக்கம் போகிற வேலையென்றால் டை வேண்டாம், பேண்ட் போட்டுக்கொள். துவைத்து இஸ்திரி போட்டதாக இருக்கட்டும். கண்ணாடியில் பார்த்தால் நிற்பது நீயாக இருக்கட்டும். எதிரே உட்காரப் போகிறவர்களுக்கும் ஒன்று உண்டு. எவ்வளவு விறைப்பாக வந்தாலும் வந்தவன் பயந்திருக்கிறான் என்று வைத்துக்கொண்டு பேச்சை ஆரம்பியுங்கள்.

அன்றைக்கு மச்சான் வெளியே குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். கழுவிக்கொண்டே இருந்தார். "வீட்டுக்கு நீயே போன் போடு மாப்ள, எனக்குப் பேச வரல," என்றார். செலின் அக்கா நர்சிங் ஹோமில் வேலையில் இருந்தார். பக்கத்தில் பக்கெட் இழுக்கும் சத்தம் கேட்டது.

"கெடைச்சிடுச்சுக்கா," என்றேன்.

பக்கெட் சத்தம் நின்றது. பிறகு, "காலையில வேட்டிதான் கட்டுவேன்னு ஒரே சண்ட தம்பி. நான் சொல்லச் சொல்லக் கேக்கல. எந்த உடுப்புல குடுத்தாங்க?" என்று கேட்டார்.

"மேல அவருது, கீழ என்னுதுக்கா."

அக்கா சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம், ஒரு கட்டத்தில் அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் நின்று வேறு சத்தம் வந்தது. நான் போனை வைக்கவில்லை. அவர் அழுது முடிக்கிறவரைக்கும் காதில் வைத்துக்கொண்டு நின்றேன்.